இடதுபக்கக் காவல்

சீக்டவாகா லோரெய்ன் என்றால் பஃபலோ பக்கம் ரேடியோ கேட்கிற எல்லோருக்கும் தெரியும். முகம் தெரியாது; ஊர்ப் பெயரோடு சேர்ந்த அந்தக் குரல் தெரியும். சாயங்கால விளையாட்டு நிகழ்ச்சிக்கு அவள் ஃபோன் போட்டால் நடத்துகிற ஹோவிக்கு வாயெல்லாம் பல். "வந்துட்டாங்கப்பா! இன்னிக்கு யாரு தலை உருளப் போகுதோ!" என்பான். ஒரு தலை நிச்சயம் உருளும். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடிய வீரர்களை, முழங்கால் லேசாகத் தகராறு செய்ய ஆரம்பித்ததுமே "அனுப்பிடு" என்று சொன்னவள் அவள். "நேத்து ஆடினதுக்கு நேத்தே சம்பளம் குடுத்தாச்சு. இன்னிக்கு எதுக்குக் குடுக்கணும்?" என்பாள். அதற்கு மேல் எவன் கெஞ்சினாலும் இறங்கி வர மாட்டாள்.

கட்டின புருஷனையே அப்படி அனுப்பினவள்தான். "அவனை ரிலீஸ் பண்ணினேன். பதிலுக்குப் புதுப் பையனை எடுக்க ஒரு டிராஃப்ட் வாய்ப்புகூடக் கிடைக்கல" என்று சொல்லி அவளே முதலில் சிரிப்பாள். கைக்குழந்தையோடு நின்றபோது பள்ளிக்கூட பஸ் ஓட்ட ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது ஃபீனிக்ஸில் குடித்தனம் செய்கிறது. லோரெய்ன் ஸ்விட்டாலா இன்னும் அதே டிப்போவில், அதே மஞ்சள் பஸ்ஸின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தாள். ஏரியிலிருந்து பனி அடித்து ரோடே மறைந்துபோகிற நாட்களில்கூட அவள் பஸ் என்றால் தாய்மார்கள் நிம்மதியாகக் கையாட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

மார்ச் மாதம் எங்கள் ஊரில் பனியும் போகாது, வசந்தமும் வராது, கையால் பந்தெறிந்து ஆடுகிற எங்கள் ஃபுட்பாலும் கிடையாது. ஆனால் வாய்க்கு அந்த மாதம்தான் திருவிழா. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் சந்தைக்கு வருவது அப்போதுதான். எல்லா அணிகளுக்கும் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு. ஒருத்தனுக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருத்தனைக் கழற்றிவிட வேண்டும். அடுத்த மாதம் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கி எடுக்கிற டிராஃப்ட் வேறு. யாரை வாங்குவது, யாரை விடுவது, யாரை எடுப்பது என்று சர்ச்சிலும் சலூனிலும் அடிதடி நடக்காத குறை.

அந்த வருஷம் எல்லார் வாயிலும் விழுந்தவன் கார்வின் டீட். மலை மாதிரி ஆள். பந்து எறிகிறவனுக்கு எறியத் திரும்பும்போது இடதுபக்கம் தெரியாது. தெரியாத அந்தப் பக்கத்திலிருந்து எவனும் பாய்ந்து வந்து அவனைச் சாய்த்துவிடாமல் காப்பது டீட்டின் வேலை. வருஷக்கணக்காகக் காத்தவன், இப்போது கொஞ்சம் தடுமாறுகிறான். அவனை வைத்துக்கொள்வதா, விடுவதா என்பதுதான் பேச்சு.

வெள்ளிக்கிழமை காலை பஸ் நடை முடித்து டிரைவர்கள் ஓய்வறையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் யூஜின் பனெல்லியும் கையில் கிரீஸோடு வந்து சேர்ந்துகொண்டான். லோரெய்னும் அவனும் ஆரம்ப காலத்திலிருந்தே சண்டை போட்டுக்கொள்கிற சிநேகிதர்கள்.

"டீட்ட அனுப்பு. அவன் ஒருத்தன் சம்பளத்துல ரெண்டு பேரை வாங்கலாம்" என்றான் யூஜின். "டெக்ஸஸ்லேர்ந்து அந்த ஓட்டக்காரப் பய சந்தைக்கு வர்றான். அள்ளிக் குடுத்து இழுத்துட்டு வரணும். ஜெயிக்கணும்னா செலவு பண்ணித்தான் ஆகணும்."

"உங்க வீட்டம்மா தள்ளுபடிக் கடைக்குப் போற மாதிரி பேசறீங்களே" என்றான் மார்க்கஸ். டிரைவர்களிலேயே இளையவன், வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். "ரெண்டு சீஸன்ல அந்த ஓட்டக்காரன் நொண்ட ஆரம்பிப்பான். அப்புறம் அவனை அனுப்பினாலும் பாதிச் சம்பளம் நம்ம கணக்குலயே உக்காந்திருக்கும். செத்த பணம். டீட்ட அனுப்பணும், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் காசைத் தொடக் கூடாது. டிராஃப்ட்ல முதல் சுத்துலயே ஒரு நல்ல இடதுபக்கக்காரனா பார்த்து எடுக்கணும்."

"காலேஜ் பையன் முதல் ஆட்டத்துலயே திருதிருன்னு முழிப்பான்டா."

"முழிக்கட்டும். முழிக்கிறவனுக்குக் கண்ணாவது தெரியுமே!"

அறையே சிரித்தது. லோரெய்ன் சிரிக்கவில்லை. தீர்ப்புக்காக எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"டீட்ட வெச்சுக்கணும்" என்றாள்.

யூஜின் எழுந்து வந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். "ஜுரம் இல்லையே! ஏய் கிழவி, ரேடியோல போய் இதைச் சொல்லித் தொலைக்காத. ஹோவி மயக்கம் போட்டுருவான்."

"கையை எடுடா, கிரீஸு. அவன் எத்தனை வருஷமா அந்த எடத்துல நிக்கிறான்? எவன் எங்கேர்ந்து வருவான்னு அவனுக்கு மனப்பாடம். பார்க்கவே வேண்டாம். கால் தானா அங்க போய் நிக்கும்."

மார்க்கஸ் தயங்கினான். "மிஸ் லோரெய்ன், தப்பா எடுத்துக்காதீங்க. அதுதானே அவன்கிட்ட இருக்கற கோளாறே? அவன் பார்க்கல, ஊகிக்கிறான். நவம்பர்ல சுத்தி வந்தவனை அவன் பார்க்கவே இல்ல. பந்து எறியற குவார்ட்டர்பேக்க ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. ஊகம் தப்பினா விழறது இவனா? இவனை நம்பிப் பின்னால நிக்கிறானே, அவன்தானே?"

"நேத்து வந்த பய நீ, உனக்கு என்ன தெரியும்!" என்று வெடித்துவிட்டு லோரெய்ன் எழுந்து வெளியே போனாள். மார்க்கஸ் முகம் செத்துப்போயிற்று. அவனை அவள் அப்படிப் பேசியதே கிடையாது. குளிர்காலத்தில் பஸ்ஸை எப்படி ஓட்டுவது என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியவளே அவள்தான்.

வெளியே அழுக்குப் பனி மேட்டுக்கு அருகில் நின்று அவள் மூச்சு வாங்கினாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அக்டோபரில் கண் டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம். ஓரப்பார்வை தேய்ந்துகொண்டே வருகிறது, இடது பக்கம் ரொம்ப. போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். "பெரிய வண்டி வேண்டாம்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. டிரைவர்களுக்கு நடக்கிற உடம்புப் பரிசோதனையில் எழுத்துப் பலகையைக் கடகடவென்று படித்தாள். நேர்ப்பார்வையில் ஒரு குறையும் இல்லை. அங்கே இருந்த வேறு டாக்டர் காதோரமாக விரலை ஆட்டி "தெரியுதா?" என்று கேட்டபோது, அவர் சட்டைக்கை சரசரத்த சத்தத்தை வைத்து "தெரியுது" என்று சொன்னாள். ஜனவரியில் யாரோ ஒருவருடைய தபால் பெட்டியை பஸ் கண்ணாடி தட்டிச் சாய்த்துவிட்டது. பனி வாரும் வண்டி தள்ளியிருக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். அதன் பிறகு தினமும் மனப்பாடமாகத்தான் ஓட்டினாள். எந்தத் திருப்பத்தில் யார் நாயோடு வருவார், எந்த வாசலிலிருந்து கார் பின்பக்கமாக வெளியே வரும் என்று எல்லாம் அத்துப்படி.

விட்டுவிட்டால் என்ன செய்வது? மகள் ஃபீனிக்ஸுக்கு வரச் சொல்கிறாள். அந்த வெயிலில் போய் யாரோடு பேசுவது, எந்த அணிக்காகச் சண்டை போடுவது? இங்கேயே இருந்தால் வண்டி இல்லாதவளுக்குக் கால் இல்லாத மாதிரி. காலையில் எழுந்து போக இடமில்லாத ஒரு வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இன்னும் ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் என்று தன்னிடமே பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பள்ளியைத் தாண்டி இரண்டாவது சிக்னலில் இடது பக்கம் திரும்ப வேண்டும். எதிரே வண்டி இல்லை. அந்த நேரத்தில் அங்கே யாரும் குறுக்கே நடக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். திருப்பினாள்.

பஸ்ஸின் இடது விலாவில் டமாரென்று ஓர் அறை. பிரேக் அடித்து நிறுத்தினாள். பின்னால் பிள்ளைகள் இருக்கைகளில் மோதிக் கத்தினார்கள். முழுசாகத் திரும்பிப் பார்த்தபோதுதான் அந்த ஆள் தெரிந்தான். ஓட்டப்பயிற்சிக்காரன், தலையில் பளீரென்று ஆரஞ்சுக் குல்லாய். இரண்டு கைகளையும் பஸ் மேல் ஊன்றிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டினான். மயிரிழையில் தப்பியிருக்கிறான். பிறகு காறித் துப்பிவிட்டு நடந்து போனான்.

முதல் வரிசைச் சிறுமி கேட்டாள்: "மிஸ் லோரெய்ன், நீங்க அவரைப் பார்க்கலையா?"

"பார்த்தேன் கண்ணு" என்றாள் லோரெய்ன். தன் பொய் தன் காதிலேயே நாறியது.

மீதி வழியெல்லாம் நத்தையாக ஊர்ந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்போடு திரும்பிப் பார்த்தாள். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. கடைசிப் பிள்ளையின் வீட்டுக் கதவு திறந்து மூடுகிறவரை காத்திருந்துவிட்டு, டிப்போவுக்கு வந்து நேராகப் பணிமனைக்குள் பஸ்ஸை விட்டாள்.

"யூஜின், ஒரு ஆளை இடிச்சிருப்பேன்டா இன்னிக்கு."

யூஜின் எப்படி, எங்கே என்று கேட்கவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "இடது பக்கமா?" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜனவரில உன் கண்ணாடி பூரா பச்சைப் பெயிண்ட். எந்தப் பனி வண்டி பச்சைத் தபால் பெட்டியை இடிச்சிட்டு உன் கண்ணாடில வந்து தடவும்? நான்தான் துடைச்சேன். யார்கிட்டயும் சொல்லல." குரலைத் தாழ்த்தினான். "இத பாரு, இன்னும் ஒரு வருஷம் தள்ளிட்டா உனக்கு முழுப் பென்ஷன். பார்த்து ஓட்டு. அதுக்குத்தானே அந்தக் கண்ணாடியை மாட்டினேன்."

"எந்தக் கண்ணாடி?"

யூஜின் அவளை உற்றுப் பார்த்தான். பஸ்ஸுக்குள் ஏறி, டிரைவர் இருக்கைக்கு இடது பக்கத் தூணைத் தொட்டுக் காட்டினான். ஒரு சின்ன வட்டக் கண்ணாடி புத்தம் புதுசாக இருந்தது.

"மாட்டி ரெண்டு வாரமாச்சு. நீ கண்டுபிடிச்சு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லல. உன் விஷயத்துல மூக்கை நுழைச்சுட்டேன்னு கோவம்போலன்னு விட்டுட்டேன்."

சொல்லும்போதே அவனுக்கும் விளங்கிவிட்டது. அவன் முகம் வெளுத்தது. இரண்டு வாரமாகத் தினமும் காலையில் அவள் பஸ்ஸைச் சுற்றி வந்து, கண்ணாடிகளைத் தட்டி, 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கையெட்டும் தூரத்தில் இருந்ததை ஒரு நாளும் பார்க்கவில்லை.

"சொல்லியிருக்கணும்டி நான்" என்றான். "ஜனவரியிலேயே சொல்லியிருக்கணும்."

"நான் சொல்லியிருக்கணும்" என்றாள் அவள்.

அவன் கீழே இறங்கிப் போன பிறகு இருக்கையில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தாள். ஓய்வறையில் ரேடியோ அலறுவது பணிமனை வரை கேட்டது. ஒரு மணி நேரமாக டீட் பேச்சுதான். அவள் பெயரைக் கேட்டதும் ஹோவி துள்ளினான்.

"சீக்டவாகா லோரெய்ன்! எங்க தாயே போனீங்க? டீட்ட வெச்சுக்கலாமா, விட்டுரலாமா?"

"அனுப்பிடு."

ஓய்வறையில் மேஜையைத் தட்டி ஆரவாரம் கிளம்பியது. "பழைய லோரெய்ன்!" என்று யாரோ கூவினார்கள்.

"அப்படிப் போடுங்க! காரணம்?"

"இடது பக்கம் அவனுக்குத் தெரியல, ஹோவி. தெரியலன்னு அவனுக்கே நல்லாத் தெரியும். தெரிஞ்சுகிட்டே அங்க நிக்கிறான். பின்னால நிக்கிறவன் இவனை நம்பி நிக்கிறான். இவனை யாராவது அனுப்பற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அவனே போய்ச் சொல்லிடணும்."

"நல்ல ஆட்டக்காரனாச்சே. கொஞ்சம்கூட வருத்தம் இல்லையா உங்களுக்கு?"

"இருக்குப்பா" என்றாள். "ரொம்ப இருக்கு."

அவள் வாயிலிருந்து அப்படி ஒன்றைக் கேட்டுப் பழக்கமில்லாத ஹோவி அவசரமாக விளம்பரத்துக்குப் போய்விட்டான்.

மேற்பார்வையாளர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணைப் பற்றியும் தபால் பெட்டியைப் பற்றியும் ஆரஞ்சுக் குல்லாயைப் பற்றியும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். சட்டைக்கை சரசரத்ததைக்கூடச் சொன்னாள். பஸ் சாவியை மேஜையில் வைத்தாள். அவர் ஏதோ ஆறுதலாகப் பேச ஆரம்பித்தார். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

வெளியே வந்தபோது மார்க்கஸ் தன் காரின் மேல் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். யூஜின் பணிமனை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைகளில் சர்ச் மண்டபத்து மீன் வறுவல் விருந்துக்கு அவளும் யூஜினும் சேர்ந்து போவது வழக்கம். இன்று அவன் கூப்பிடவில்லை.

"மார்க்கஸ், போற வழில என்னை வீட்ல எறக்கி விடறியா?"

"ஏறுங்க மிஸ் லோரெய்ன். உங்க கார் என்னாச்சு?"

"அது இங்கயே கிடக்கட்டும்."

அவன் கதவைத் திறந்துவிட்டான். காலையில் வாங்கின திட்டை அவன் மறந்துவிட்ட மாதிரி இருந்தது, அல்லது மறந்த மாதிரி காட்டிக்கொண்டான். கார் டிப்போ வாசலைத் தாண்டியதும் குஷியாகப் பேச ஆரம்பித்தான். "ரேடியோல வெளுத்து வாங்கிட்டீங்க. கடைசில என் கட்சிக்கே வந்துட்டீங்க பார்த்தீங்களா? டிராஃப்ட்ல ஒரு சின்னப் பையனா எடுத்துட்டா போதும், டீட் கவலையே வேண்டாம்."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருக்கிறாளோ என்று மார்க்கஸ் அவளைப் பார்த்தான்.

லோரெய்ன் அவனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தாள். அவன் அவளுக்கு இடது பக்கம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்ப்பதற்காக அவள் தலையைத் திருப்பினாள், போதவில்லை; தோளையும் திருப்பினாள், பிறகு இருக்கையில் உடம்பையே நகர்த்தி முழுசாக அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

'இடது பக்கம் அவனுக்குத் தெரியல' என்று ரேடியோவில் அவள் சொன்னது ஞாபகம் வந்து, மார்க்கஸ் காரின் வேகத்தைக் குறைத்தான்.