மழைக்குக் கேட்டார்கள், விதைக்கு விலக்கினார்கள்

புரட்டாசித் தேய்பிறைத் துவாதசியோடு எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்கள் அக்காவைப் புகழ்ந்து நாலு வரி எதிர்பார்ப்பீர்கள். புகழ நிறைய இருக்கிறது. அதற்கு முன் சொல்ல வேண்டியதும் இருக்கிறது.

அக்கா இளையரசனேந்தலுக்குத் தெற்கே ஆடிக் கடைசி வெள்ளியன்று பிறந்தார். ஆடித்தபசு பார்க்கச் சங்கரன்கோவில் போனவர்கள் ஊர் திரும்பியிருந்த வாரம் அது. அன்று மேல்காற்று எங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டதால் நாள் யாருக்கும் மறக்கவில்லை. குருவிகுளம் பக்கம் வாழ்க்கைப்பட்டார். யுத்தம் முடிந்த வருஷம் தை மாதம் அத்தான் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். மிஞ்சியது ஒரு கைக்குழந்தையும் கொஞ்சம் கரிசல் காடும்.

வெளியே வரக்கூடாதென்று உட்கார்த்தி வைத்த அந்த நாட்களில்தான் அக்கா புறவாசலிலிருந்து பருவங்களைக் கவனிக்கத் தொடங்கினார். பங்குனியில் வேம்பு பூப்பது எல்லாருக்கும் தெரியும். எந்தக் கிளை முதலில் பூக்கும் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆவணியில் மேல்காற்று மூச்சு வாங்கி வாங்கி வீசும். கிணற்றடிக்கு வாலாட்டிக் குருவி வந்து சேரும். பிறகு ஒருநாள், கொடியில் காயும் சேலை மேற்கே பார்த்துப் பறக்கும். கீழ்காற்று வந்துவிட்டது என்பார். மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைப்பது எங்கள் வழக்கம். முந்தினால் விதையை எறும்பு தின்னும். பிந்தினால் முதல் மழையின் ஈரம் ஓடிவிடும்.

அக்காவின் கொழுந்தனார் வருஷம் தவறாமல் புறவாசலில் வந்து நிற்பார்.

“மதினி, விதைக்கலாமா? காத்து என்ன சொல்லுது?”

“மேகாத்து இன்னும் அடங்கல. கொஞ்சம் பொறுங்க.”

பொறுத்துத்தான் விதைப்பார். ஆனால் விதைக்கிற அன்று காலையில் அதே வாயால், “விதைப்பெட்டி எடுத்துட்டு வாரோம் மதினி, செத்த உள்ள இருங்க” என்பார். தாலியறுத்தவள் எதிரே வந்தால் விதை முளைக்காதாம்.

“காத்துட்டயும் தாலி இருக்கான்னு பாத்துட்டுத்தான் கேப்பீங்களா?” என்று அக்கா ஒருமுறை கேட்டார்.

அக்காவின் காட்டிலும் முதல் கை விதையைக் கொழுந்தனார்தான் தூவ வேண்டும். தம் காடெல்லாம் முடிந்து கடைசியில் வருவார். அதற்குள் ஈரம் ஓடியிருக்கும், பாதி வெள்ளாமைதான். தாயும் மகளும் கம்பங்கூழில் தண்ணீரைப் பெருக்கிக் குடித்ததை நான் கண்ணால் பார்த்தவன்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அக்கா தாமே விதைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். பக்கத்துக் காட்டு அண்ணாச்சி ஏர் பூட்டி வந்தார். வரப்பில் கூடிய பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“மாடு ரெண்டும் ஒண்ணும் சொல்லல தாயி. நானும் சொல்லல. நீ தூவு” என்றார் அண்ணாச்சி.

அந்த ஐப்பசியில் மழை பொய்த்தது. அக்காவின் காடு கருகியது. சுமங்கலிகள் எடுத்துக் கொடுத்த விதையும் அப்படியேதான் கருகியது. பழி மட்டும் ஒரு கைக்கு. “அவ தூவினா வேற என்ன முளைக்கும்?” என்று சாவடியில் பேசியவர்களும் இந்த மலரை வாசிப்பீர்கள். அக்கா மறுவருஷமும் தாமே தூவினார், அதற்கடுத்த வருஷமும். விளைந்தபோது அந்தக் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சென்ற புரட்டாசியில் மூச்சிரைப்போடு படுத்திருந்தவர் என்னிடம், “ஏலே, வாலாட்டி வந்துட்டா?” என்றார். வந்துவிட்டது என்றேன். “அப்ப கொழுந்தனார்ட்ட சொல்லிரு, காலம் நெருங்கிட்டுன்னு.” அந்த வாரமே போய்விட்டார். அக்கா சொன்னபடியே கொழுந்தனார் விதைத்தார், நன்றாக விளைந்தது.

இப்போது அவர் சொல்லுகிறார்: “மதினி தெய்வம்லா. இந்த வருஷம் எல்லா வீட்டு விதைப்பெட்டியையும் அவுக படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டுட்டு எடுப்போம்.”

கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடிருந்தபோது உள்ளே போகச் சொல்லிவிட்டு, அக்காவை இப்போது வாசலில் வைத்துக் கும்பிடுவதா? நான் சம்மதிக்க மாட்டேன். கொழுந்தனாரின் மருமகள் சென்ற மாசியில் கணவனை இழந்தாள். விதைப்பு நாளில் அவளும் உள்ளேதான் இருக்க வேண்டுமாம்.

ஏர் பூட்டிய அண்ணாச்சிக்கும், கடைசி நாட்களில் இரவும் பகலும் உடனிருந்த அவர் துணைவியாருக்கும், அக்காவைத் தோள் கொடுத்து வழியனுப்பிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கொழுந்தனாருக்கு உரிய நன்றியை இங்கே எழுதவில்லை. தம் மருமகள் கையில் அவர் விதைப்பெட்டியைக் கொடுக்கிற காலையில், காட்டுக்கே வந்து சொல்லுவேன்.