நின்றது, நிறுத்தியது, உருவியது

அந்தத் தச்சுப் பட்டறையில் ஒரு மெஷின் சத்தம் அடங்கினால் அதைச் சொல்ல மூன்று வார்த்தைகள் இருந்தன. ‘நின்னுடுச்சு’ என்றால் அதுவாக நின்றிருக்கிறது, கரண்ட் போயிருக்கும். ‘நிறுத்திட்டேன்’ என்றால் ஆள் ஸ்விட்சை விட்டிருக்கிறான். ‘உருவிட்டேன்’ என்றால் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கியாயிற்று, இனிமேல் தைரியமாகப் பிளேடு பக்கம் விரலைக் கொண்டு போகலாம். முதல் இரண்டும் எந்தக் காலத்திலிருந்தோ அங்கே புழங்கியவை. மூன்றாவதைக் கொண்டுவந்து சேர்த்தவள் தையலம்மா.

இருபத்திரண்டு வருஷம் தையல் கடை வைத்திருந்தவள் என்பதால் அந்தப் பெயர். எதிர்ச் சாரியில் ரெடிமேட் கடை வந்த பிறகு ஜிப் மாற்றவும் கால்சட்டையைச் சுருக்கவும்தான் ஆட்கள் வந்தார்கள். ஒருநாள் கொழுந்தன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். அந்தப் பட்டறையில் அவன் தச்சன். எதையும் நின்று நிதானித்துச் செய்யாததால் அங்கே அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர்.

“அண்ணி, எங்க பட்டறையில உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆள் வேணுமாம். துணியில சுருக்கம் எடுத்த கை, மரத்துல எடுக்காதா?”

எடுத்தது. சேர்ந்த முதல் வாரமே அவள் ஒன்றைப் பார்த்தாள். எக்ஸ்பிரஸ் இழைக்கிற மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, சீவல் வெளியேறும் வாயில் அடைத்திருந்த மரத்தூளை ஆள்காட்டி விரலால் நோண்டிக்கொண்டிருந்தான். வயரின் மறுமுனை சுவரில் சொருகியபடி இருந்தது. அவள் நேராகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

“என்ன அண்ணி, ஸ்விட்ச் ஆஃப்லதான் இருக்கு.”

“என் தையல் மெஷினும் ஆஃப்லதான் இருக்குன்னு நினைச்சேன். ஊசியில நூல் கோக்கறேன், கால் தானா பெடல்ல போய் உட்கார்ந்துடுச்சு.” இடது கை விரலைக் காட்டினாள். நகத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடியது. “ஊசியா இருந்ததால நூலோட வெளிய எடுத்தாங்க. இது நிமிஷத்துக்குப் பதினாறாயிரம் சுத்து சுத்துதாமே. எதை வெளிய எடுப்பாங்க?”

அன்றிலிருந்து எந்த மெஷினைத் துடைத்தாலும், யாருக்குப் பிளேடு மாற்ற உதவினாலும், முதலில் பிளக்கைப் பிடுங்கி, பட்டறை முழுவதும் கேட்கும்படி “உருவிட்டேன்” என்பாள். அந்த வார்த்தையை விடுவார்களா? “மகாராணி வாளை உருவிட்டாங்க! எல்லாரும் ஓடுங்கடா!” என்று பாலீஷ்காரர் கத்துவார். “மகாராணி மறுபடி உறையில போடறதுக்குள்ள வேலையை முடிங்க” என்பாள் அவள்.

அதோடு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை, வேலைக்குப் போடும் சட்டைகளையெல்லாம் ஆணிகளிலிருந்து அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனாள். துவைத்துத்தரத்தான் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். திங்கட்கிழமை வந்தபோது ஒன்றுக்கும் முழங்கைக்குக் கீழே கை இல்லை.

“ஐயோ, இது என் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த சட்டை!” என்றார் பாலீஷ்காரர்.

“தங்கச்சிக்குப் பேரன் பொறந்தாச்சு. தொங்கற கையை மெஷின் பிடிச்சு இழுத்தா அப்புறம் அரைக்கைச் சட்டையும் வேண்டியிருக்காது.”

தனக்கும் ஒரு காக்கி மேலங்கி தைத்துக்கொண்டாள். முன்பக்கம் பொத்தான் கிடையாது, பின்னலை முதுகுக்குள் விட்டு மேலே மூடிக்கொள்ளலாம். மூக்குக்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். அவ்வளவையும் மாட்டிக்கொண்டு வந்தால், வேற்றுக் கிரகத்திலிருந்து தச்சுவேலைக்கு ஆள் இறக்கியிருக்கிறார்கள் என்பான் எக்ஸ்பிரஸ்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. அப்புறம், ஜன்னலோரத்து இழைப்பு பெஞ்சில் நின்றவர் மகள் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனார். பெஞ்சு காலியானது. தையலம்மாவுக்குத் தூக்கம் போனது.

அந்த மனிதர் போகிற வாரத்தில் ஒருநாள் அவளிடம் மெஷினைக் கொடுத்து, ஒரு பலகையை இழைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். இரண்டு கையாலும் பிடித்து, ஓரமாக நின்று, மெதுவாகத் தள்ளினாள். துணி வெட்டும்போது, கத்தரி ஒரு இடத்தில் கடிப்பதை நிறுத்திவிட்டு வழுக்கிக்கொண்டே போகும். தையல்காரர்களுக்கு மட்டும் தெரிந்த சுகம் அது. அதே சுகம் அந்தப் பலகையிலும் வந்தது. கடைக்கோடிக்குப் போனதும் அவள் முகமூடிக்குள் சிரித்தது யாருக்கும் தெரியவில்லை.

அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். தினமும் அவள் வீடு வந்ததும் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “பத்தும் திரும்பி வந்துடுச்சா?” என்பார். பெஞ்சு விஷயத்தைச் சொன்னதும் கையை விடவில்லை.

“தேய்க்கிறதே நல்லாத்தானே இருக்கு? அந்தப் பிசாசு மெஷின் எதுக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. யாரோ தைச்ச சட்டைக்குப் பொத்தான் கட்டறது எவ்வளவு நல்லா இருக்குமோ, அவ்வளவு நல்லா இருக்கு. எனக்குச் சட்டை தைக்கணுங்க.”

அவர் அவள் கையை விட்டார். “சரி. ஹாரன் அடிச்சுட்டுத்தான் திருப்பணும்” என்றார். பஸ்காரர் வாயில் ஆசீர்வாதம் அப்படித்தான் வரும்.

பெஞ்சை எக்ஸ்பிரஸும் கேட்டிருந்தான். முதலாளியம்மா யாருக்கும் பரிந்து பேசுகிற ஆள் இல்லை. ஒரு மருத்துவமனைக்குச் செய்துகொண்டிருந்த இரட்டைக் கதவைக் காட்டினார். நிலை தயாராக முற்றத்தில் நின்றது.

“இடது கதவு உனக்கு, வலது அவங்களுக்கு. நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள இழைச்சு மாட்டுங்க. என் சீட்டு மேல இருந்து கீழ வரைக்கும் எங்கேயும் இடிக்காம, எங்கேயும் லூசாகாம யார் பக்கத்துல போகுதோ அவங்களுக்குப் பெஞ்சு.”

அவர் சீட்டு என்றது, விளையாட்டுச் சீட்டு பத்தைப் பசை போட்டு ஒட்டிய கனத்தை. மேலே ஜோக்கர் சிரித்துக்கொண்டிருக்கும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி சரியாக அவ்வளவு.

மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் எக்ஸ்பிரஸ் முதல் இழைப்பை முடித்துவிட்டான். தையலம்மா இன்னும் ஆரம்பிக்கவில்லை. கதவைக் கிடுக்கியில் இறுக்கிவிட்டு, தையல் கடையில் விழுந்த குண்டூசி பொறுக்க வைத்திருந்த காந்தத்தை அதன் விளிம்போடு மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். பழைய வீட்டுச் சட்டங்களை அறுத்துச் செய்த கதவு அது.

“அண்ணி கதவுக்கு மந்திரிக்கிறாங்க! எலுமிச்சம்பழம் வேணுமா?”

காந்தம் ஓரிடத்தில் நின்று பிடித்துக்கொண்டது. கொண்டை இல்லாத ஆணி, மரத்துக்குள் ஒளிந்திருந்தது. குறடு போட்டு இழுத்து எடுத்து, அவன் முன்னால் நீட்டினாள். “இந்தா, இதை வச்சுக்கோ. பிளேடு இதுல மோதித் தெறிச்சிருந்தா உன் எலுமிச்சம்பழம் எனக்குத்தான் சுத்தணும்.”

வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, ஆழம் காட்டும் திருகை மிகக் குறைந்த அளவில் வைத்து, அவளும் ஆரம்பித்தாள். பத்தே முக்காலுக்கு இரண்டு மெஷின்களும் ஒரே நேரத்தில் முனகி அடங்கின. விளக்குகளும் போயின.

தையலம்மா பிளேடு சுத்தமாக நிற்கும்வரை மெஷினைப் பிடித்திருந்து, கட்டை மேல் சாய்த்து வைத்து, பிளக்கைப் பிடுங்கி, “உருவிட்டேன்!” என்றாள்.

“இங்க நின்னுடுச்சு!” என்று கத்திவிட்டு எக்ஸ்பிரஸ் மெஷினை அப்படியே பெஞ்சின் மேல் வைத்தான். “வாங்கய்யா, டீ!” எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள்.

அவளும் இரண்டடி போனாள். காதில் என்னவோ உறுத்தியது. நின்னுடுச்சு என்றானே, நிறுத்திட்டேன் என்று சொல்லவில்லையே. அந்த மெஷினில் ஸ்விட்சை விரல் வலிக்க அழுத்தாமல் இருக்க ஒரு பூட்டுப் பொத்தான் உண்டு. அதைப் போட்டுத்தான் அவன் எப்போதும் ஓட்டுவான்; கையை எடுத்தாலும் ஸ்விட்ச் அழுந்தியபடியே இருக்கும். திரும்பிப் பார்த்தாள். மெஷின் குப்புறப் படுத்திருந்தது, வயர் சுவரில் இருந்தது.

அடுத்தவர் மெஷினைக் கேட்காமல் தொடுவது பட்டறையில் வழக்கமில்லை. இன்றைக்குப் பார்த்துத் தொட்டால் பேச்சு வரும், ஜெயிக்கிறதுக்காக என்னவோ செய்தாள் என்று. ‘பேச்சு வந்தா வரட்டும்’ என்று அவள் சுவரை நோக்கி நடந்தாள். நாலாவது அடியில் விளக்கு எரிந்தது.

வாலில் தகர டப்பா கட்டிய பூனை போல மெஷின் பாய்ந்தது. பெஞ்சின் நீளத்துக்கு ஒரு பள்ளம் பறித்துக்கொண்டு ஓடி, விளிம்பிலிருந்து குதித்து, கிடுக்கியில் நின்ற எக்ஸ்பிரஸின் கதவின் கீழ் மூலையைக் கடித்துத் துப்பியது. அங்கிருந்து சீவல் குவியலில் புரண்டு, அவன் மாலையில் போட்டுக்கொண்டு போக மடித்து வைத்திருந்த நீலக் கட்டச் சட்டையைக் கவ்வியது. சட்டையின் ஒரு கை உள்ளே போயிற்று. மெஷினுக்கு மூச்சு முட்டியது. அதற்குள் தையலம்மா சுவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள்.

“உருவிட்டேன்!”

டீ கிளாஸோடு வாசலில் கூட்டம் நின்றது.  பாலீஷ்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “பரவாயில்லையே, மெஷினே அரைக்கைச் சட்டை தைக்குது!”

பட்டறை வெடித்துச் சிரித்தது. எக்ஸ்பிரஸ் சிரிக்கவில்லை. பெஞ்சின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் அவன் நிற்கிற இடம் அது.

“அண்ணி, நான் மட்டும் அங்க நின்னிருந்தா...”

“நின்னிருந்தா இல்லடா. நிறுத்தியிருந்தா.”

அதற்குப் பிறகு அவனும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். தனக்கென்று யாரோ கொண்டுவந்த டீயை வாங்கி அவள் அவன் கையில் திணித்தாள். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். அவன் அரைக்கால் சட்டைகளைத் தைத்துக் கொடுத்தவள் அவள்.

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்தார். எக்ஸ்பிரஸ் யாரையும் பேச விடவில்லை. “என் தப்புதாம்மா. கரண்ட் போனதும் மெஷின் நின்னுது. நான் நிறுத்தல.”

முதலாளியம்மா கதவின் மூலையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், அவன் கால்களைப் பார்த்தார். “கால் ரெண்டும் இருக்கில்ல? அப்ப சரி. தையலம்மா, பெஞ்சு உங்களுக்கு.”

“வேண்டாம்மா” என்றாள் தையலம்மா. எல்லோரும் திரும்பினார்கள். “இப்படி வேண்டாம். என் கதவுல இன்னும் சீட்டே போகல.”

சாயந்தரம் நாலு மணிக்கு வலது கதவை மாட்டினார்கள். முதலாளியம்மா ஜோக்கரை மேலே செருகி இறக்கினார். தோள்வரை வழுக்கியது, இடுப்புவரை வழுக்கியது, முழங்கால் உயரத்தில் மாட்டிக்கொண்டது.  தையலம்மா வானத்தைப் பார்த்தாள்.

“சாயந்தரத்துக்குள்ளன்னுதானே சொன்னீங்க? இன்னும் வெளிச்சம் இருக்கு.”

கதவை இறக்கச் சொன்னாள். இடிக்கிற இடத்தில் தையல் சாக்கட்டியால் கோடு போட்டாள். அவசரப்படவில்லை. கிடுக்கியை இறுக்கினாள், கதவைத் தூக்கப் போட்டிருந்த கையுறையைக் கழற்றித் தூர வைத்தாள், கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள், திருகை மறுபடி பார்த்தாள். ஒரே ஒரு இழைப்பு. மரம் முனகவே இல்லை, கத்தரி வழுக்குவது போலப் போயிற்று. மறுபடி மாட்டினார்கள். ஜோக்கர் மேலே நுழைந்து, எங்கும் நிற்காமல் தரைக்கு வந்து, முதலாளியம்மாவின் செருப்பின் மேல் விழுந்தது.

பாலீஷ்காரர் விசிலடித்தார்.

கடிபட்ட மூலையில் எக்ஸ்பிரஸ் ஒரு துண்டு மரம் பதித்திருந்தான். ரேகைக்கு ரேகை சேர்த்து ஒட்டியதில், முதலாளியம்மா மூன்று தடவை விரலால் தடவியும் ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “இணைப்பு வேலைக்கு உன்னை விட்டா ஆளில்ல. அதை விட்டுட்டு இழைக்கறேன்னு ஏன்டா அலையற?” என்றார்.

“அண்ணி கேக்கறாங்களே, சும்மா விட்டுக் கொடுத்தா மரியாதையா இருக்குமா?” என்றான் அவன்.

திங்கட்கிழமை காலை தையலம்மா ஜன்னலோரத்து பெஞ்சில் போய் நின்றாள். மெஷினைப் பலகையில் வைத்துத் தள்ளிப் பார்த்தாள், பிளக் போடாமலே. தோள் இரண்டும் காதுக்கு ஏறின. முன்பு நின்றவர் ஆறடி. கையைத் தூக்கிக்கொண்டு இழைத்தால் அழுத்தம் பிடிக்காது, மெஷின் துள்ளும்.

“காலுக்குக் கீழ ஒரு பலகை போட்டுக்கறேன்” என்றாள்.

“பலகை மேல நின்னு இழைக்கறதா? கால் இடறினா?” எக்ஸ்பிரஸ் அவளை பெஞ்சுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டுக்கு மேல் பெஞ்சு எவ்வளவு உயரம் என்று அளந்து, அந்த அளவைப் பெஞ்சுக் காலின் அடியில் பென்சிலால் குறித்தான். பிறகு கைரம்பத்தை எடுத்தான்.

“டேய், முதலாளியம்மாவைக் கேட்டியா?”

“கேட்டுட்டேன்.”

“நாளைக்கு வேற யாராவது உயரமான ஆள் வந்தா?”

“குனியட்டும்” என்றபடி அவன் முதல் காலை அறுக்க ஆரம்பித்தான்.