கழுவிய ரூபாய்

அந்தோணிராஜ் அண்ணன் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபின், திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் செராக்ஸ் கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு பழைய காசு வாங்கி விற்கிறார். டிக்கெட் பையில் அபூர்வமான காசு விழுந்தால் அதை எடுத்துக்கொண்டு தன் காசைப் பதிலுக்குப் போட்ட காலத்திலேயே பிடித்த பைத்தியம் அது. பேச்சுத் துணைக்கு ஆகட்டும் என்றுதான் நான் இடம் கொடுத்தேன்.

இப்போது மனிதர் பேசுவதே இல்லை. பேசிப் பேசி ஓய்ந்துவிட்டார். 'இந்த அஞ்சு ரூபாய் உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி' என்று எவனோ வீடியோ போட்டுவிடுகிறான். ஊரே உண்டியலை உடைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருகிறது.

"இது அஞ்சு ரூவாதாம்ப்பா. டீ குடிக்கத்தான் ஆகும்."

நாள் முழுக்க இதே பாட்டு. வந்தவன் நம்பினால்தானே? இவர்தான் ஏமாற்றப் பார்க்கிறார் என்று முறைத்துவிட்டுப் போவான். நானாக இருந்தால் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

இந்தத் தொழிலில் விலை என்பது காசின் நிலையைப் பொறுத்தது. ஒரே வருடத்து ரூபாய் இரண்டில் தேய்ந்தது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும், தேயாதது ஒரு மாதச் சம்பளம் பெறும். அண்ணன் காசை அட்டைச் சட்டத்தில் வைத்து, ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். தேய்ந்தது, சுமார், நல்லது, மிக நல்லது. மதுரையிலிருந்து வரும் வியாபாரி அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தே பணத்தை எடுத்து வைப்பார். லென்ஸை வெளியே எடுக்கக்கூட மாட்டார்.

போன சித்திரையில் குஜிலியம்பாறைப் பக்கமிருந்து பேச்சாயி என்ற அம்மாள் வந்தாள். போர் மோட்டார் எரிந்துபோய், கத்தரிச் செடி தண்ணீரில்லாமல் துவண்டு நிற்கிறதாம். மாமியார் கொடுத்த வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். கருத்துப்போன காசு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த அண்ணனின் முகத்தில் வெகு நாளைக்கப்புறம் ஒரு தெளிவைக் கண்டேன். மன்னர் தலையில் ஒரு முடிகூடத் தேயவில்லை. எளிதில் கிடைக்காத வருடத்துக் காசு வேறு.

"இருவதாயிரம் போகும் தாயி. ஞாயித்துக்கெழம மதுரக்காரரு வாராரு. குடுத்துட்டுப் போறியா?"

"வெள்ளிக்கெழம ஒரு தடவ சாமிகிட்ட வச்சிட்டு நானே கொண்டாறேண்ணே. மோட்டாருக்கு ஆகிரும்ல?"

"ஆகிரும்."

அவள் போனதும் ஒரு சட்டத்தை எடுத்து 'மிக நல்லது' என்று எழுதித் தயாராக வைத்தார். பின்னால் இன்னும் நாலு பேர் அஞ்சு ரூபாயோடு நின்றிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காசு கண்ணைப் பறித்தது. புளி போட்டு ஊறவைத்து, விபூதியால் தேய்த்து, மன்னர் நெற்றியில் குங்குமமும் வைத்திருந்தாள்.

"வீட்ட விட்டுப் போற லட்சுமிய அழுக்கோட அனுப்பக் கூடாதுல்லண்ணே," என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

அண்ணன் காசை வாங்கினார். லென்ஸை வைத்துப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். காசு முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கீறல். அந்தக் கருப்புதான் யார் கையும் படாத காசு என்பதற்கு அடையாளம். அது போனால் வெறும் வெள்ளி.

மதுரைக்காரர் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அண்ணன் காதில் சொன்னேன்: "எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும்ண்ணே. அவரு பாக்கவா போறாரு?"

அண்ணன் ரப்பரை எடுத்தார். 'மிக நல்லது' என்பதை அழித்தார். 'கழுவியது' என்று எழுதினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த ஆளின் நேர்மையை வைத்து ஒரு கத்தரிச் செடிக்குத் தண்ணீர் பாயுமா?

மதுரைக்காரர் எழுத்தைப் படித்தார், எடை போட்டார், வெள்ளி விலையைக் கொடுத்தார். மோட்டார் விலையில் அது பத்தில் ஒரு பங்குகூட வராது. பேச்சாயிக்கு விளங்கவே இல்லை.

"சுத்தமா இருந்தா வெலை கொறையுமா?"

அண்ணன் விளக்கினார். கேட்டுக்கொண்டே இருந்தவள், கடைசியில் கோபமே இல்லாமல் சொன்னாள்:

"அன்னைக்கு நீங்க சொல்லலியேண்ணே."

சொல்லவில்லைதான். அண்ணன் வீட்டில் காசைக் கழுவிப் பொட்டு வைக்கும் பழக்கம் கிடையாது, தோன்றவில்லை. அன்றைக்கு அத்தனை பேருக்குத் தொண்டை வறள 'இல்லை' சொன்ன மனிதருக்கு, அவளிடம் சொல்ல ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் போயிற்று.

கத்தரி காய்ந்துவிட்டதாம். பேச்சாயி இப்போது வேடசந்தூர் மில்லுக்கு வேலைக்குப் போகிறாள். அவள் ஊர்க்காரர் ஒருவர் செராக்ஸ் எடுக்க வந்தபோது சொன்னார். அண்ணன் கேட்டுக்கொண்டு, பெட்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார்.

அதற்கப்புறம் யார் எந்தக் காசை நீட்டினாலும் அவர் வாயில் முதலில் வருவது ஒன்றுதான். நேற்றுகூட ஒரு பையன் பளபளவென்று புது அஞ்சு ரூபாயை நீட்டினான்.

"கழுவிராதப்பா," என்றார் அண்ணன்.

பையனின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இதுக்கு வெலை இருக்காண்ணே?"

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினார். "இல்லப்பா," என்றார். "ஆனாலும் கழுவிராத."