ப்ராக்ஸியை அணைத்த சனிக்கிழமை

சிறுசேரியில் ஒரு கம்பெனியில் பதினான்கு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தேன். மற்றவர்கள் எழுதியதில் எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதை விட்டுவிட்டுக் கணக்கு டீச்சராகப் போகிறேன் என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் இரண்டு நாள் வீட்டுச் செலவுக் கணக்கை எழுதி எழுதிப் பார்த்தார். மூன்றாம் நாள் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து எனக்கு ஒரு வெள்ளைப் பலகையும் நான்கு மார்க்கர் பேனாவும் வாங்கி வந்தார்.

ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனம், வேலைக்கு எடுக்கும் முன் ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தது. சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி. அதற்கு முந்தின நாள்தான் ஆபீஸில் எனக்குக் கடைசி நாள். வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் என் சொந்த லேப்டாப்பில் கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருள் ஒன்றைப் போட்டிருந்தார்கள். நான் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் அதன் வழியாகத்தான் வந்து போகும். விலகும்போது அதை நீக்கிவிடச் சொல்லி மெயில் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நீக்கினேன். மனசு லேசாக இருந்தது. அதோடு மூடி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு லேப்டாப்பைத் திறந்தால் பிரவுசரில் எந்தப் பக்கமும் வரவில்லை. இணைக்க முடியவில்லை என்று ஒரு சாம்பல் நிறப் பக்கம் மட்டும் வந்தது. வைஃபை அடையாளம் முழுசாக இருந்தது. போனில் அதே வைஃபையில் எல்லாம் ஓடியது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே வீட்டுக்காரர் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் செருகினார். பலன் இல்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். வேறொரு பிரவுசரைத் திறந்தேன். போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தும் பார்த்தேன். அதே சாம்பல் பக்கம்.

போனிலேயே வகுப்பு எடுத்துவிடு என்றார் அவர். முடியாது. கணக்கு எழுதிக் காட்டும் பேனாப் பலகை லேப்டாப்பில்தான் வேலை செய்யும். அதில் எழுதிக் காட்டும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பதினான்கு வருஷ அனுபவம் எங்கே போனதென்று தெரியவில்லை, கண்ட கண்ட பட்டனையெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தேன்.

அவர் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் எலக்ட்ரீஷியன். அன்று வாராந்திர ஓய்வு. சங்கரா மீன் வாங்கி வந்து சமையலறையில் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கையெல்லாம் செதில், அதனால் லேப்டாப்பைத் தொட விடவில்லை நான். பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"லைட்டு எரியலன்னா நாங்க லைட்டையே பார்த்துகிட்டு நிக்க மாட்டோம்மா," என்றார். "எதுவரைக்கும் கரண்ட் வருதுன்னு பாதி பாதியா பார்த்துகிட்டே வருவோம். பிரவுசரை விடு. மிஷினுக்கு லைன் வருதா, அதைப் பாரு."

எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். கறுப்புத் திரையைத் திறந்து, வெளியே இருக்கும் ஒரு சர்வருக்கு 'பிங்' என்று கட்டளை அடித்தேன். கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. நான்கு வரி பதிலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. அதைப் பார்த்ததும் உடம்பில் ஒரு துள்ளல். இணையம் லேப்டாப்புக்குள் வருகிறது. பிரவுசருக்கு மட்டும்தான் போய்ச் சேரவில்லை. தப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அவருக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொண்டது. நேற்று எதையோ கழற்றினாயே, அது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"பெட்டியை மட்டும் கழட்டினியா, அதுக்குப் போற ஒயரையும் எடுத்தியா?"

அப்போதுதான் அந்தச் சாம்பல் பக்கத்தை முழுசாகப் படித்தேன். கீழே பொடி எழுத்தில் 'ப்ராக்ஸி சர்வர்' என்று இருந்தது, பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர் அது. பிழைச் செய்தியைக் கடைசி வரி வரைக்கும் படிக்காதவர்களை ஆபீஸில் எத்தனை தரம் திட்டியிருப்பேன். செட்டிங்ஸில் ப்ராக்ஸி பக்கத்தைத் திறந்தேன். சுவிட்ச் போட்டே இருந்தது. அதில் இருந்த முகவரி வேறு யாருடையதும் இல்லை, என் லேப்டாப்பே தன்னைக் குறிக்க வைத்திருக்கும் எண். விஷயம் விளங்கிவிட்டது. பிரவுசரிலிருந்து போகும் எல்லாவற்றையும் முதலில் என்னிடம் கொடு என்று அந்த மென்பொருள் ஒரு உத்தரவு போட்டு வைத்திருந்தது. மென்பொருளை நான் நீக்கிவிட்டேன். உத்தரவு அப்படியே இருந்தது. பிரவுசர் ஒவ்வொரு தடவையும், இல்லாத ஒன்றிடம் போய் நின்று திரும்பிக்கொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்தேன். பக்கம் வந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அவர் மீன் கையோடு என் தலையில் தட்ட வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மணி பதினொன்று ஐந்து. வகுப்புக்கான இணைப்பை அழுத்தினேன். மறுபடியும் சாம்பல் பக்கம்.

போய்ப் பார்த்தால் சுவிட்ச் தானாகவே ஆன் ஆகியிருந்தது. அணைத்தேன். அரை நிமிஷத்தில் என் கண்ணெதிரே அது மறுபடி நீலமாகி ஆன் ஆனது. பயப்பட வேண்டிய நேரம், ஆனால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கே இருக்கிறது என்று தெரியாத தப்புதான் ஆளைக் கொல்லும். இது கண் முன்னால் அசைகிறது. யாரோ உள்ளே உட்கார்ந்து இதைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைப் பிடித்தால் முடிந்தது. லேப்டாப் தொடங்கும்போது தானாக ஓடும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தேன். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். ஏழாவதோ எட்டாவதோ, என் பழைய கம்பெனியின் மென்பொருள் பெயர். மென்பொருள் போன பிறகும் அதன் சின்ன வால் ஒன்று பின்தங்கியிருந்தது. அதை முடக்கி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

திரையில் எழுத்து வந்தது: அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்.

பதினைந்து நிமிஷம் அது ஓடியது. சதவீதம் முப்பதில் நின்றது. அவர் போய்க் கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். அவரை யாரும் பார்க்கப் போவதில்லை. ஏன் சட்டை மாற்றினார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பதினொன்று இருபத்தாறுக்குத் திரை திறந்தது. ப்ராக்ஸி சுவிட்ச் அணைந்தே இருந்தது. அரை நிமிஷம் காத்துப் பார்த்தோம். அசையவில்லை. இணைப்பை அழுத்தினேன். திரையில் அந்த நிறுவனத்தின் அம்மாள் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வணக்கம் சொன்னார்.

அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்வி. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு, மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது என்று சொல்லிக் கொடுங்கள். நான் தயார் செய்து வைத்திருந்தது பின்னங்கள். ஆனால் அன்று எனக்கு எதுவும் கஷ்டமாகத் தெரியவில்லை. பேனாப் பலகையில் ஒரு ரயிலை வரைந்தேன். தாம்பரத்தில் மின்சார ரயில் ஒன்று பின்பக்கமாக நகர்கிறது, அதைப் போனில் வீடியோ எடுக்கிறீர்கள், அந்த வீடியோவைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறீர்கள், இரண்டு மைனஸ் ஆயிற்று, இப்போது ரயில் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டேன். அந்த அம்மாள் ஒரு நொடி யோசித்துவிட்டு, முன்னால் போகும் என்று சொல்லிச் சிரித்தார். கேமராவுக்கு வெளியே, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரும் பலமாகத் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கேளம்பாக்கம் வரைக்கும் வண்டியில் போய், நான் இத்தனை வருஷம் கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து மட்டுமே பார்த்த ஒரு பிரியாணிக் கடையில் சாப்பிட்டோம்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்கோ, அவர் பணிமனையில் என்ன செய்கிறார் என்று எனக்கோ சரியாகத் தெரிந்ததில்லை. ஒரே பழுதை இரண்டு பேரும் சேர்ந்து தேடியது அன்றுதான். பணிமனையில் அவர் இந்தக் கதையை இப்போதும் சொல்கிறாராம். அவர் சொல்லும் கதையில் சுவிட்சை முதலில் பார்த்தது அவர்தான், ரயில் உதாரணமும் அவர் எடுத்துக் கொடுத்ததாம். அவருடன் வேலை செய்பவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, "அப்படியாக்கா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.