ரூத் அம்மா பிரித்த பங்கு

என்னைத் திருடன் என்று எழுதி வைத்தவர் யோகராசா. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். முதியோர் இல்லத்தில் சாப்பாட்டு வண்டில் தள்ளுகிறவனுக்கு எதிரே வருகிற எல்லாரும் மேலதிகாரிதான். இந்த வேலை செய்து முதுகு நொந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சிட்னியிலிருந்து ஒரு பகல் கார் ஓட்டத்தில், கிளேட்டன் பக்கம் எங்கள் இல்லம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், குசினியில் தட்டுக் கழுவுகிறவன். யோகராசா எங்கள் ஊர்ப் பக்கத்தவர், ஆனால் தாதிமாருக்குப் பொறுப்பாளர்.

பட்டியலில் இல்லாத மொழி

ரூத் அம்மா இங்கே வந்தபோது அவவிடம் ஆங்கிலம் மிச்சமில்லை. மறதி நோய் அதை எடுத்துப் போய்விட்டது. மிஞ்சியது புகாபுகா மொழி, பசிபிக் கடலுக்கு நடுவில் ஒரு சின்னப் பவளத்தீவின் பேச்சு. அந்தத் தீவுச் சனம் முழுவதையும் எங்கள் கோயில் தேரன்று இரண்டு பந்தியில் இருத்திவிடலாம்.

மொழிபெயர்ப்புக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அப்படி ஒரு மொழி பட்டியலிலேயே இல்லை. கடைசியில் கிட்டத்து மொழி என்று ஒரு சமோவாக்காரப் பெண்ணை அழைத்து வந்தார்கள். அவ அரை மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்தா. வெளியே வந்து சொன்னா: "பாதி விளங்குவதுபோல இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் நம்பப் பயமாயிருக்கிறது."

ஆறு தட்டு

முதல் கிழமை சாப்பாட்டு மேசையில் ஆறு பேர். ரூத் அம்மா ஆறு தட்டையும் தன் பக்கம் இழுத்து, கோழி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, கரண்டியால் சரிசமமாக ஆறாகப் பிரித்தா. பக்கத்தில் இருந்த மனுசிக்கு மசித்த சாப்பாடு மட்டும்தான் இறங்கும். கோழித் துண்டு தொண்டையில் சிக்கினால் உயிர் போயிருக்கும். அதனால் யோகராசா ரூத் அம்மாவைத் தனி அறையில் சாப்பிட வைத்தார். அதில் நான் பிழை சொல்லமாட்டேன். ஆனால் அதிகம் சத்தம் போட்டது எதிரே இருந்த இத்தாலிக்காரக் கிழவர்: "என் கோழியில் கை வைத்தால் பொலிசைக் கூப்பிடுவேன்!"

இரண்டு பாதி

தனி அறையில் ரூத் அம்மா சாப்பிடவேயில்லை. கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கியது. 'உணவை மறுக்கிறார்' என்று யோகராசா ஒவ்வொரு நாளும் எழுதினார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வயிற்றில் குழாய் வைப்பது பற்றிக் கதை வந்தது.

நான் கண்டது வேறு. தட்டை வைத்ததும் அவ எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்ப்பா. ஐந்து நாள் நான் அதைக் காணாதமாதிரிக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன். ஆறாம் நாள் மனம் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு என் பாதியைச் சாப்பிட்டேன். உடனே அவ தன் பாதியில் கை வைத்தா. கடைசிப் பட்டாணி வரை சாப்பிட்டா.

அப்படிச் சேர்ந்து சாப்பிடத் தொடங்கி நாலாம் நாள் யோகராசா கதவைத் திறந்தார்.

"கிழவிக்கு வைச்சதைத் தின்னுறீரே, வெக்கமில்லையோ?"

"அவதான் அண்ணை தந்தவ. நான் சாப்பிட்டால்தான் அவ சாப்பிடுறா."

நோயாளியின் உணவைத் திருடியதாக அன்றைக்கே என் கோப்பில் ஒரு கடிதம் ஏறியது. அறையை விட்டுப் போகும்போது திரும்பி நின்று கேட்டார்: "ஓம், தந்தவ. எந்தப் பாஷையிலை சொல்லித் தந்தவ?"

தலைக்கு ஒன்று

என்னை அந்த அறைக்கு விடவில்லை. தட்டு மறுபடியும் அப்படியே திரும்பி வந்தது. குழாய்க்குச் சம்மதம் கேட்டு சிட்னியில் இருந்த பெறாமகள், ரூத் அம்மாவின் தங்கச்சியின் மகள் லீனாவுக்கு அறிவித்தார்கள். அவ கையெழுத்துப் போடாமல் காரை எடுத்துக்கொண்டு நேரே வந்தா. பெரியம்மாவோடு அவ பேசியபோதுதான் அந்த மொழி இரண்டு வாயில் போய் வருவதை நான் முதன்முதல் கேட்டேன். வண்டிலைத் தள்ளாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தங்கள் தீவில் உணவைத் தலைக்கு ஒரு பங்காகப் பிரிப்பார்கள், நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் அதே பங்குதான் என்றா லீனா. பிறகு யோகராசாவைப் பார்த்துச் சொன்னா: "பெரியம்மா உங்கள் உணவை மறுக்கவில்லை. மற்றவர்களுக்கு எங்கே என்றுதான் இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறா."

ஐந்தாவது பங்கு

இப்போது மென்று விழுங்கக்கூடிய நாலு பேர் ஒரு மேசையில். நடுவில் ஒரு பெரிய பாத்திரம், கரண்டி ரூத் அம்மாவின் கையில். இந்த ஏற்பாட்டைத் தன் திட்டம் என்று கூட்டத்தில் சொன்னவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் அவர் கோப்போடு அந்தப் பக்கம் போக, ரூத் அம்மா சட்டையில் பிடித்து இழுத்து, ஐந்தாவதாக ஒரு பங்கு போட்டா. வேலை நேரம் என்று அவர் நெளிந்தார். இத்தாலிக்காரக் கிழவர் முள்ளுக்கரண்டியால் மேசையில் தட்டினார்: "எடு, ஐயா! நீ தின்னும்வரை இந்த மனுசி எங்களையும் தின்ன விடாது."

ரூத் அம்மா இப்போது மூன்று நேரமும் சாப்பிடுகிறா, யோகராசாவும் தன் பங்கை நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிறார், என் கோப்பில் இருக்கிற அந்தக் கடிதத்தைக் கிழிக்கத்தான் அவருக்கு இன்னும் கை ஒழியவில்லை.