எட்டு மாத ஊத்தை

தூரிகையில் எடுத்த கரித்தூளைச் சவிரிமுத்து முதலில் தன் இடது கைப் பெருவிரல் நகத்தில் தொட்டுப் பார்ப்பார். கூடிப்போனால் ஊதுவார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு, எஞ்சினின் மூன்றாம் சில்லில் ஒரு புள்ளி வைப்பார். ஒரே ஒரு புள்ளிதான். அதைப் பார்த்தபடியே ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடிப்பார். "காணும். இண்டைக்கு இவ்வளவு காணும்."

லண்டன் மோர்டனில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சன்னலோரத்து மூலை அவருடையது. அங்கே நிற்பது ஜெர்மன்காரரின் சரக்கு நீராவி எஞ்சின் ஒன்றின் மாதிரி. உண்மையானதை எண்பத்தேழில் ஒன்றாகச் சுருக்கியது; ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட வரும். பக்கத்துக்கு ஐந்து பெரிய சில்லு, முன்னால் ஒரு சின்னச் சில்லு, பின்னால் நிலக்கரிப் பெட்டி. அந்தப் பெட்டியில் ரயில் கார்ட் குந்தியிருக்க ஒரு குட்டி அறை, அதற்குத் தீக்குச்சித் தலையளவு சன்னல். வாங்கியபோது கறுப்பும் சிவப்புமாய் மினுங்கியது. "கலியாண மாப்பிள்ளை மாதிரி நிண்டுது. சாமான் இழுக்கிற எஞ்சின் அப்பிடி நிக்குமே?"

எட்டு மாதமாக அதை ஊத்தையாக்கிக்கொண்டிருந்தார். ஆவி ஒழுகிக் காய்ந்த சுண்ணாம்புக் கோடு, துரு, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி. பகலில் அவருக்கு பஸ் டிப்போவில் துப்புரவு வேலை. "வேலையிலை ஊத்தை கழுவுறன், வீட்டிலை ஊத்தை பூசுறன். ரெண்டுக்கும் இடுப்புத்தான் நோகுது" என்பார். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மனைவி றோஸ்மலருக்கு இதில் வேறு கணக்கு. "இஞ்சருங்கோ, இந்தக் கவனத்திலை காவாசியை பாத்றூமிலை காட்டினால் நான் மடுமாதாவுக்கு நேர்த்தி வைப்பன்."

ஏன் ஜெர்மன் எஞ்சின் என்று கேட்டால் தோளைக் குலுக்குவார். தொண்ணூறில் அங்கே அகதி முகாமில் இருந்தபோது, அறைச் சன்னலுக்கு நேரே, ஓட்டம் நிறுத்திய எஞ்சின் ஒன்று நின்றதாம். "கேஸ் முடிவு வருமட்டும் பாக்க வேறை என்ன கிடந்தது? ஆணி ஆணியா எண்ணினன்." அதற்கு மேல் அந்தக் கதை நீளாது.

ரயில் மாதிரிக் கழகத்துக்கு ஆறு வருடமாகப் போய்வருகிறார். கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவார், வயர் பிடிப்பார். அந்தச் சனிக்கிழமைக் கண்காட்சியில்தான் முதல் தடவையாக அவருடைய எஞ்சினுக்குச் சரக்கு ரயில் தரிப்பிட மேசையில் இடம் கிடைத்திருந்தது. கழகத் தலைவர் கீத் கண்டிப்பான ஆள். பெட்டியிலிருந்து எடுத்த பளபளப்போடு எதுவும் அந்த மேசையில் ஏறக்கூடாது; உழைத்த எஞ்சின் உழைத்ததாகத் தெரிய வேண்டும். தூள் உதிராமல் இருக்க மேலே ஒரு வார்னிஷ் அடிப்பது மட்டும்தான் பாக்கி. அந்த வாரம் ஓவர்டைம் வந்தது. வெள்ளிக்கிழமை அடிக்கலாம் என்று விட்டுவிட்டார்.

புதன்கிழமை மாதா வந்தாள். ஒக்டோபர் செபமாலை மாதம். மாதாவின் சுரூபம் ஒவ்வொரு வீடாகச் சுற்றும். அன்றைக்கு இவர்கள் முறை. ஆயத்தம் செய்ய, லண்டனின் கிழக்குக் கோடியில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து அவருடைய அக்கா புனிதா காலையிலேயே வந்திருந்தாள். மூன்று மணிக்கு சவிரிமுத்து வேலையால் வந்து கதவைத் திறந்தபோது மேசையில் வெள்ளை விரிப்பு, பூ, மெழுகுதிரிகள். மூலையில் எஞ்சின் மினுங்கிக்கொண்டு நின்றது.

"முத்து, மாதா வாற மேசையிலை இப்பிடியே ஊத்தைச் சாமான் வைக்கிறது? சோப்புத் தண்ணி தொட்டு, பல்லு பிறஷாலை சில்லுச் சில்லாத் தேய்ச்சனான். முழுசா ரெண்டு மணித்தியாலம்! பார், கண்ணாடி மாதிரி."

குசினி வாசலில் றோஸ்மலர் சுளகும் கையுமாய் நின்றாள். "நான் கடைக்குப் போன நேரம்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

சவிரிமுத்து ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. அக்காவின் விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்ததைப் பார்த்தார்.

"உள்ளுக்குத் தண்ணி போகவிட்டனீங்களோ, அக்கா?"

"எனக்கென்ன விசரே? கறண்ட் சாமான் எண்டு தெரியும். ஈரத்தை உடனை துணியாலை துடைச்சனான்."

"வடிவா இருக்கு" என்றார்.

பாத்றூமில் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, சனிக்கிழமை வரவில்லை என்று கீத்துக்குப் போனில் எழுதத் தொடங்கினார். பாதியில் கை ஓய்ந்துபோயிற்று. றோஸ்மலர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள்.

"அனுப்பியிட்டியளோ?"

"இல்லை. அதுக்கும் களைப்பாக் கிடக்கு."

"அனுப்பாதேங்கோ."

"ரெண்டு நாளிலை எட்டு மாசம் வருமே?"

"எட்டு மாசம் எண்டு அந்த வெள்ளைக்காரனுக்கு ஆர் சொன்னது? கொஞ்ச ஊத்தை காணாதோ?"

அவர் போனைப் பொக்கற்றில் வைத்தார்.

ஆறரைக்குச் சனம் வந்தது. செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் உருண்டன. மேல்மாடி டினேஷ் பிரார்த்தனை முடிந்ததும் எஞ்சினுக்கு முன்னால் குனிந்தான். "அண்ணை, புதுசா வாங்கினீங்களோ? என்ன வடிவு!"

"ஓம் தம்பி. இண்டைக்குத்தான் புதுசாச்சு."

புனிதா பெருமையோடு கடலைத் தட்டை நீட்டினாள்.

வடையும் கடலையும் முடிந்து, எல்லாரும் வாசலில் சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். சவிரிமுத்து மேசைக்கருகில் தனியாக நின்றார். அணைந்த மெழுகுதிரி ஒன்றின் கருகிய திரியைச் சுட்டுவிரலால் அமுக்கி, அந்த விரலை எஞ்சினின் முகப்புக் கதவில் ஒற்றினார். சற்றுத் தள்ளிப் பார்த்தார். அடுத்த திரியை அமுக்கினார்.

விரிப்பை மடிக்க வந்த புனிதா தம்பியின் கறுத்த விரலைக் கண்டாள். கைப்பையைத் திறந்து ஈரக் கடதாசி ஒன்றை உருவினாள்.

"கையைக் கொண்டா."

அறுபத்தொரு வயதுச் சவிரிமுத்து கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.