பின்னால் போக வேண்டிய அச்சு

என் மருமகள் ஒரகடத்தில் லாரிச் சக்கரங்களைத் தாங்கும் அச்சு செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறாள். வருகிற அச்சை அளந்து பார்த்து, சரியில்லாததற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, திருப்பிச் சரி பண்ணுகிற 'ரீவொர்க்'குக்குத் தள்ளி வைப்பது அவள் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து குளித்ததும் மேஜையில் உட்கார்ந்து தேர் செய்வாள். கோயில் தேர் இல்லை. எகிப்து தேசத்து ராஜாக்கள் ஆதி காலத்தில் யுத்தத்துக்கு ஓட்டிய தேர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

அவள் கம்பெனியில் சில பேர் ஞாயிற்றுக்கிழமை கூடி, இந்த மாதிரிப் பொம்மைப் பட்டாளங்களை மேஜைமேல் நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். எல்லாரும் ஆம்பிளைகள். இவளை முதல் தடவையாகக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்காக எட்டுத் தேர் செய்தாள். குதிரையும் ஆளும் விலைக்கு வாங்கியது. மற்றதெல்லாம் பிளாஸ்டிக் அட்டையும் கம்பியும் வைத்து அவளே செய்தது. சக்கரத்துக்கு ஆறு ஆரக்கால், தையல் நூலில் கடிவாளம். வில் பிடித்தவனுக்குப் புருவம்கூட எழுதியிருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பேன். தொட மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம், அந்த ராஜாக்களில் ஒருவருடைய சமாதிக்குள்ளிருந்து எடுத்த நிஜத் தேரின் படம் ஒன்றை போனில் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, போச்சு."

"இன்னாம்மா?"

"அச்ச நடுவுல வச்சிட்டேன். லோடுக்கு அடியில அச்சுன்னு கை பழகிப் போச்சி. இதுல பின்னாடி ஓரத்துல கீது பாருங்க. வேகமா திரும்பறப்ப கவுறக் கூடாதுன்னு அப்டி வச்சிருக்கான்."

டீ குடித்துக்கொண்டிருந்த என் பிள்ளை சிரித்தான். "எவன் குனிஞ்சி பாக்கப் போறான்? அப்டியே எடுத்துனு போ."

"தெரிஞ்சிக்கினு எப்படிங்க பாஸ் பண்றது?"

கத்தியை எடுத்து, அச்சைப் பின்னால் மாற்றுவதற்காக அறுக்க ஆரம்பித்தாள். ஐந்து தேர் சரியாக வந்தது. மூன்றில் தளமே பிளந்துவிட்டது. அவற்றுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அலமாரியில் வைத்தாள். அழவில்லை.

மறுநாள் பிள்ளைக்கு ஓவர்டைம். தேர் வைத்த பெட்டியைப் பிடிக்க நான் கூடப் போனேன். மறைமலை நகர் போகிற பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தது. நான் பெட்டியை மடியிலிருந்து அசைய விடவில்லை. ஆட்டம் அவளுடைய சூப்பர்வைசர் வீட்டில். ஆம்பிளைகள் நிறைந்த ஹால். நான் கதவோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசர்தான் அவளுக்கு எதிர் ஆட்டம். ஆளுக்கு எட்டுத் தேர் கணக்கு, அவருக்கு எட்டும் இருந்தது. இவள் வைத்ததை எண்ணிப் பார்த்து, "இன்னாம்மா, மூணு தேருக்கு லீவு குடுத்துட்டியா?" என்றார்.

"ரீவொர்க்ல கீது சார்."

ஹாலே சிரித்தது. அச்சுக் கதையைச் சொன்னதும் இன்னும் சிரித்தார்கள். சாப்பாட்டுக்கு முன்பே இவள் தோற்றுப்போனாள். முகம் வாடவில்லை. "சார், உங்க தேர ஒண்ண திருப்பிப் பாக்கட்டா?" என்று கேட்டு வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"சார்! நீங்க கரெக்டா வச்சிருக்கீங்க! பின்னாடி ஓரத்துல!"

"நான் எங்கம்மா வச்சேன்? வாங்கறப்பவே அப்டித்தான் வந்திச்சி. இத்தினி வருசத்துல அடிய பாத்ததே இல்ல நானு."

இப்போது எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை. தோற்கடித்த தேரையே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தன்னுடையதுபோல ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கென்றால் பொறாமை வந்திருக்கும்.

"இத ஒரு வாரம் குடுங்க சார். சரியான பீஸ் ஒண்ணு பக்கத்துல இருந்தா அந்த மூணையும் முடிச்சிடுவேன்."

அவர் யோசித்தார். "குதிரை காலு ரொம்ப மெல்லிசும்மா. பஸ்ல வேற போறீங்க..."

"என் மடியில வச்சினு போறேன் சார். ஒண்ணும் ஆவாது."

சொன்னது நான்தான். மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவர் தேரைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் உடைந்த மூன்றையும் அலமாரியிலிருந்து இறக்கி, அவருடைய தேரைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, ஸ்கேலை எடுத்தாள். சிவப்பு ஸ்டிக்கரை இன்னும் பிரிக்கவில்லை. அச்சு போய் உட்கார்ந்து, அளந்து பார்த்த பிறகுதான் பிரிப்பாள்.